துறைமுகத்திலிருந்து ஓடுபாதைக்கு: வடசென்னையும் சென்னை விமான நிலையத் தொடர்புகளும் (1932–2024)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவின் முதன்மை விமான நிலையங்களுள் ஒன்றான சென்னை விமான நிலையம் நகரின் தென்மேற்கே மீனம்பாக்கம், திரிசூலம் பகுதிகளில் அமைந்துள்ளது. அதற்கு முன்பு வெளியுலகத்தை நோக்கிய வாயிலாக இருந்தவை இராயபுரத்தை ஒட்டிய துறைமுகமும் அதைச் சார்ந்த வடசென்னைப் பகுதிகளுமாகும். விமானம் வந்ததும் கப்பல் பயணம் ஒழிந்தது என்னும் பொதுவான கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. 1932 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இரண்டும் ஒன்றாகவே இயங்கின. 1983–1985 ஆண்டுகளில் பயணிகள் போக்குவரத்து முழுமையாகத் தெற்கே நகர்ந்தது. சரக்கும் எரிபொருளும் வடக்கில் தங்கின. சென்னையின் வான்வழித் தொடர்புகள் பலவும் பழைய கடல்வழிகளின் தொடர்ச்சி என்பதும், அக்கடல்வழிகளைத் தாங்கிய நிலப்பகுதி அவற்றின் பயனில் குறைந்த பங்கையே பெற்றது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்

வடசென்னை, இராயபுரம், எண்ணூர், மணலி, மீனம்பாக்கம், அஞ்சல் விமானம், தளப்பயணிகள், விமான நிலைய வரலாறு

முன்னுரை

ஒரு நாட்டின் விமான நிலையங்களை வரிசைப்படுத்தும்போது பயணிகளின் எண்ணிக்கை, ஓடுபாதையின் நீளம், சென்றடையும் நகரங்களின் பட்டியல் ஆகியவற்றையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்கின்றனர். இவை நிகழ்கால நிலையைக் காட்டுவன. ஒரு விமான நிலையம் ஏன் குறிப்பிட்ட ஓரிடத்தில் அமைந்தது, அங்கிருந்து ஏன் குறிப்பிட்ட சில ஊர்களுக்கு மட்டும் விமானங்கள் பறக்கின்றன, அதற்கு முன் அத்தொடர்புகளைத் தாங்கி நின்ற இடம் என்னவாயிற்று என்னும் வினாக்களுக்கு விடை காண வரலாற்றைத்தான் நாட வேண்டும்.

சென்னையைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் வடசென்னையிடம் நம்மை அழைத்துச் செல்கின்றன. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆகிய பகுதிகளைக் குறித்த ஆய்வுகள் தொழிற்சங்க வரலாறு, மீனவர் வாழ்வியல், சுற்றுச்சூழல் என்னும் துறைகளில் வளர்ந்துள்ளன. விமானப் போக்குவரத்து வரலாற்றில் இப்பகுதி பேசப்படுவதில்லை. ஓடுபாதை இல்லாத ஊருக்கு விமான வரலாறு இருக்க முடியாது என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று என்பதைப் பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன.

கடல்வாயிலும் அதன் நிலமும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை சென்னைக்கு இயற்கையான துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நின்றன. மசூலா படகுகளே ஆள்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தன. 1860களின் தொடக்கத்தில் இரும்புத் தூண்களின்மீது ஒரு கடற்பாலம் அமைக்கப்பட்டது. 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். பணி நிறைவை நெருங்கிய நிலையில் 1881 நவம்பரில் வீசிய புயல் அலைத்தடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டப்பட்ட துறைமுகம், 1904 முதல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் இன்றைய வடிவத்தை நெருங்கியது. கிழக்கு நோக்கியிருந்த நுழைவாயில் மூடப்பட்டு, வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது.

இவ்வாயிலுக்கு வடசென்னை கொடுத்த விலை கண்கூடானது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்து நிறுத்தின. தெற்கே மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையைக் கடல் அரித்தது. பிற்காலத்தில் இக்கரை நெடுகக் கொட்டப்பட்ட பாறைகள் இந்த அரிப்பின் சான்றுகளாகும்.

இருப்புப் பாதை வரலாறும் இங்கே கருதத்தக்கது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. 1873இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டபின் பயணிகள் முனையம் என்னும் தகுதி படிப்படியாக அங்கே சென்றது. இராயபுரத்தில் துறைமுகத்தைச் சார்ந்த சரக்குப் போக்குவரத்து தொடர்ந்தது. பயணிகள் விலகிச் செல்லச் சரக்கு தங்கிவிடும் இப்போக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் கடல்வழியிலும் நிகழ்ந்தது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்துறைமுகம் இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நகரங்களோடு தமிழகத்தை இணைத்தது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் நிறுவனத்தின் கப்பல்கள் இவ்வழிகளில் ஓடின. 1926இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்றும் உரிமம் பெற்றிருந்தது. மலேயாத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களில் தங்கவைக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். அன்றைய தமிழ்த் தொழிலாளருக்கு வெளிநாடு என்பது துறைமுகச் சுங்கச் சாவடியிலிருந்து தொடங்கியது.

அஞ்சல் விமானமும் கிளைப்பாதையும்

சென்னைப் பகுதியில் விமானம் பறந்தது இதற்குச் சற்று முன்பே நிகழ்ந்துவிட்டது. மவுண்ட் சாலையில் உணவு விடுதி நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் 1910இல் பல்லாவரத்தில் தம் விமானத்தைப் பறக்கவிட்டார். எனினும் ஒழுங்கான வான்வழித் தொடர்பு 1932 அக்டோபர் 15 அன்றுதான் தொடங்கியது. அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சலுடன் பறந்துவந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இலண்டனிலிருந்து கராச்சிக்கு இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்த கடிதங்களைத் தெற்கே பரப்புவதே இச்சேவையின் நோக்கம்.

இச்சேவை முதலாண்டில் ஏற்றிச் சென்ற பயணிகள் 155 பேர். அஞ்சல் பத்து டன்னுக்கும் குறைவு. ரஜூலா கப்பல் ஒரே பயணத்தில் ஏற்ற இயன்ற தொகையோடு ஒப்பிட்டால் இரண்டின் பணியும் வேறுவேறு என்பது புலப்படும். விமானம் கடிதத்தைச் சுமந்தது. கப்பல் மனிதரைச் சுமந்தது.

இதைவிட முக்கியமானது வலைப்பின்னலின் அமைப்பு. இம்பீரியல் ஏர்வேஸின் முதன்மைப் பாதை 1933இல் கராச்சி, டெல்லி, கல்கத்தா, இரங்கூன் வழியாகச் சிங்கப்பூர் வரை நீண்டது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவையும் எட்டியது. இப்பாதை சென்னையைத் தொடவில்லை. கடல்வழியில் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் தலைவாயிலாக இருந்த நகரம், வான்வழியில் ஒரு கிளைப்பாதையின் முடிவிடமாயிற்று. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் செல்ல விரும்பிய ஒருவர் முதலில் வடக்கே சென்று முதன்மைப் பாதையைப் பிடிக்க வேண்டியிருந்தது. பேரரசின் நிர்வாகத் தேவைகளை ஒட்டி வான்பாதை வரையப்பட்டது; தொழிலாளர் போக்குவரத்தை ஒட்டிக் கடல்பாதை உருவாகியிருந்தது. இவ்விரண்டின் வேறுபாடே 1930களின் சென்னையை விளக்கும் திறவுகோல்.

தெற்கு நோக்கிய தொடர்பு மட்டும் விரைவில் அமைந்தது. கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையம் 1935 நவம்பரில் திறக்கப்பட்டபோது அங்கு முதலில் இறங்கியது சென்னை விமானப் பயிற்சிக் கழகத்தின் விமானம். 1938இல் பேரரசு வான் அஞ்சல் திட்டத்தின்கீழ் டாட்டா சேவை கொழும்பு வரை நீட்டிக்கப்பட்டது.

விமானத் தளம் தெற்கே அமைந்ததற்குப் புவியியலும் நில உடைமையும் காரணங்கள் எனக் கருதலாம். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் இராணுவக் குடியிருப்பைச் சார்ந்த திறந்த, கெட்டியான மேட்டுநிலம் இருந்தது. 1931இல் மின்மயமான கடற்கரை–தாம்பரம் இருப்புப் பாதை அவ்வழியே சென்றது. வடக்கேயோ கொசஸ்தலையாற்றுக் கழிமுகம், உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாய், நீர் தேங்கும் தாழ்நிலம் ஆகியன கடலோரம் நெடுகப் பரவியிருந்தன. அங்கு எஞ்சிய உலர்ந்த நிலத்தைத் தொழிற்சாலைகள் நிரப்பத் தொடங்கியிருந்தன.

வடக்கின் வான்தளங்கள்

வடக்கே விமானத் தளமே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப்போர் அந்நிலையை மாற்றியது. 1942 ஏப்ரலில் கொழும்பும் திரிகோணமலையும் விசாகப்பட்டினமும் ஜப்பானியத் தாக்குதலுக்கு உள்ளாயின. ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு சென்னையிலிருந்து மக்களை வெளியேற அறிவுறுத்தியது. துறைமுகத்தின் நினைவில் 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பல் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த நிகழ்ச்சி இன்னும் இருந்தது.

வங்கக் கடலைக் கண்காணிக்க நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள் தேவைப்பட்டன. பிரிட்டிஷ் வான்படையின் 240ஆம் படையணி 1942 முதல் செங்குன்றம் ஏரியில் கேட்டலினா வகை நீர்விமானங்களுடன் நிலைகொண்டது. நகருக்குக் குடிநீர் தந்த ஏரி விமானத்தளமாகவும் பயன்பட்டது. அங்கிருந்து சற்று வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில் போர்க்கால ஓடுபாதை அமைந்தது.

போர் முடிந்ததும் இவ்விரு தளங்களும் குடிமக்கள் போக்குவரத்திற்குரியவையாக மாறவில்லை. ஏரி மீண்டும் குடிநீர் ஏரியாயிற்று. சோழவரம் ஓடுபாதை, 1950களிலிருந்து மோட்டார் பந்தயக் களமாகப் புகழ்பெற்றது; இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமையும்வரை அப்பயன்பாடு நீடித்தது. ஆயினும் வடசென்னையை ஒட்டிய நிலத்தில் விமானங்கள் இறங்குவது தொழில்நுட்ப அளவில் இயலாத ஒன்றன்று என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. போருக்குப்பின் முதலீடு எங்கே செல்ல வேண்டும் என்னும் தேர்வில் வடக்கு விடுபட்டது.

கப்பலும் விமானமும் இணைந்து இயங்கிய காலம்

விடுதலைக்குப் பின் சென்னையின் வான்தொடர்புகள் விரிந்தன. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையைக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு நடத்தியது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்ற போட்மெயில் வழிக்கு இது ஒரு மாற்றாக அமைந்தது.

1949இல் தொடங்கிய இரவு அஞ்சல் விமானச் சேவை நாட்டின் நான்கு பெருநகரங்களை ஒரே இரவில் இணைத்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய இடங்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் சந்தித்து அஞ்சல் பைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. 1930களில் கிளைப்பாதையின் முடிவிடமாக இருந்த சென்னை, இவ்வமைப்பில் மற்ற மூன்று நகரங்களுக்கு நிகரான இடத்தைப் பெற்றது. 1953இல் தனியார் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாகி இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானது. 1954இல் மீனம்பாக்கத்தில் பயணிகள் முனையம் கட்டப்பட்டது. அதே ஆண்டில் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பம்பாயிலிருந்து சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குச் சேவை தொடங்கியது. 1933இல் பேரரசின் வான்பாதை விட்டுச்சென்ற சென்னை–சிங்கப்பூர் இணைப்பு இருபது ஆண்டுகளுக்குப்பின் கடல்வழியின் தடத்திலேயே அமைந்தது.

1972இல் பன்னாட்டு விமான நிலைய ஆணையம் நிறுவப்பட்டபோது பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கும் அதன் பொறுப்பில் வந்தன. நாட்டின் முதன்மை விமான நிலையங்கள் எனச் சட்டப்படி ஏற்கப்பட்ட நான்கனுள் மூன்று துறைமுக நகரங்களில் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இக்காலத்தில் கப்பல் பயணம் நின்றுவிடவில்லை. ரஜூலா 1973 வரை ஓடியது. அதன் இடத்தை இந்தியக் கப்பல் கழகத்தின் எம்.வி. சிதம்பரம் ஏற்றது. 1962க்குப் பின் பர்மாவில் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தாலும் வணிகங்கள் நாட்டுடைமையானதாலும் வெளியேறிய தமிழர்கள் கப்பல்களில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களுள் பலர் வியாசர்பாடி முதலான வடசென்னைப் பகுதிகளில் குடியமர்ந்தனர். கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி அவர்கள் அமைத்த கடைகளே பர்மா பஜார் ஆயின.

பர்மா பஜாரின் வரலாறு இரு வாயில்களின் உறவைத் தெளிவாகக் காட்டும் சான்று. தொடக்கத்தில் கப்பல்வழி வந்த வெளிநாட்டுப் பொருள்கள் அங்கே விற்பனையாயின. பின்னர் சிங்கப்பூருக்கு அடிக்கடி விமானத்தில் சென்று பொருள் கொண்டுவரும் ‘குருவிகள்’ அச்சந்தைக்கு வேண்டியவற்றைச் சுமந்து வந்தனர். வடசென்னையின் ஒரு சந்தை தென்சென்னையின் ஓடுபாதையை நம்பி வாழும் நிலை அவ்வாறு உருவாயிற்று.

1983–1985: வாயில்கள் பிரிந்த காலம்

பயணிகளும் சரக்கும் பிரிந்த நிகழ்வு மூன்றே ஆண்டுகளுக்குள் முடிந்தது. 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் கொள்கலன்களுக்கென்றே அமைந்த முதல் முனையம் இது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பயணிகள் உயிரிழந்தனர். அதன்பின் சென்னை–சிங்கப்பூர்ப் பயணிகள் கப்பல் சேவை மீளவில்லை. அதே 1985இல் திரிசூலத்தில் புதிய உள்நாட்டு முனையம் பயன்பாட்டுக்கு வந்தது. 1989இல் பன்னாட்டு முனையம் அதனருகே எழுந்தது. மீனம்பாக்கத்தின் பழைய முனையம் சரக்குக்குரியதாயிற்று.

இம்மூன்றும் ஒன்றையொன்று விளைவித்தவை என இக்கட்டுரை கூறவில்லை. கொள்கலன் முறை உலகளாவிய கப்பல் தொழிலின் மாற்றம். தீ விபத்து தற்செயல். முனையம் நீண்டகாலத் திட்டத்தின் பயன். ஆனால் மூன்றும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததால் விளைவு ஒன்றாயிற்று. துறைமுகம் மனிதர்கள் வந்திறங்கும் இடமாக இருந்த நிலை மாறி, பெட்டிகள் வந்திறங்கும் இடமாயிற்று. கப்பல் வரும் நாளை நம்பியிருந்த சுமைகூலி, விடுதி, உணவுக்கடை, முகவர் தொழில்கள் நலிந்தன. அவற்றுக்கு ஈடான வேலைகள் விமான நிலையத்தை ஒட்டி, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தெற்கே தோன்றின.

1990களுக்குப்பின் வந்த தொழில்வளர்ச்சியும் இத்திசையையே பின்பற்றியது. திருவொற்றியூர்–எண்ணூர்ச் சாலையில் தீப்பெட்டி, டயர், மோட்டார் சைக்கிள், லாரித் தொழிற்சாலைகள் துறைமுகத்தையும் சரக்கு ரயிலையும் அண்டி வளர்ந்திருந்தன. இருங்காட்டுக்கோட்டை, மறைமலை நகர், தரமணி ஆகிய இடங்களில் வந்த கார் தொழிற்சாலைகளும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் விமான நிலையத்திலிருந்து எளிதில் சென்றடையத்தக்க தொலைவில் அமைந்தன. அயல்நாட்டு மேலாளரும் பொறியாளரும் வந்துபோகும் தொழில்களுக்குக் கப்பல்துறையைக் காட்டிலும் ஓடுபாதை இன்றியமையாததாயிற்று.

எரிபொருளின் வழி

பயணிகள் விலகிய பின்னும் விமான நிலையத்திற்கும் வடசென்னைக்கும் இடையே ஓர் உறவு அறாமல் தொடர்கிறது. அது கண்ணுக்குப் புலப்படாத உறவு. மணலியில் 1965இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. இன்று அது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். துறைமுகத்தின் பாரதி கப்பல்துறையில் இறங்கும் கச்சா எண்ணெய் வடசென்னைத் தெருக்களின் அடியில் செல்லும் குழாய்களின் வழியே மணலியை அடைகிறது. அங்கே பிரித்தெடுக்கப்படும் விமான எரிபொருளைக் கொண்டுசெல்ல மணலியையும் மீனம்பாக்கத்தையும் இணைத்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய்வழியை இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்துள்ளது.

எனவே சென்னையிலிருந்து புறப்படும் ஒரு விமானத்தின் பயணம் ஒருவகையில் பாரதி கப்பல்துறையிலேயே தொடங்கிவிடுகிறது. அப்பயணத்தின் கச்சாப்பொருள், ஆலை, கழிவு, இடர் ஆகியன வடக்கிலும், பயணச்சீட்டும் முனையமும் தெற்கிலும் உள்ளன. 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளப்படுவது நின்று, 2001இல் தொடங்கப்பட்டிருந்த எண்ணூர்த் துறைமுகத்திற்கு நிலக்கரி சென்றபோது, சுமை இன்னும் வடக்கே தள்ளப்பட்டது. 2014இல் எண்ணூர்த் துறைமுகம் காமராஜர் பெயரைப் பெற்றது. சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையமும் அவர் பெயரையே தாங்கியது. ஒரே தலைவரின் பெயர் வடக்கே நிலக்கரி இறங்குமிடத்திற்கும் தெற்கே பயணிகள் இறங்குமிடத்திற்கும் அமைந்தமை இப்பிரிவினையின் குறியீடாக நிற்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இரு வாயில்களையும் ஒருசேரச் சோதித்தது. டிசம்பர் 4 அன்று ஓடுபாதையில் நீர் தேங்கி விமான நிலையம் மூடப்பட்டது, மறுநாள் திறக்கப்பட்டது. வடக்கே வெள்ளநீரோடு பரவிய எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. அதை அகற்றும் பணி பல நாள்கள் நீடித்தது. 2015 வெள்ளத்தில் அடையாற்று நீர் புகுந்து விமான நிலையம் பல நாள்கள் மூடப்பட்டபோது அரக்கோணம் கடற்படை விமானத்தளம் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பயணிகளுக்கு மாற்றிடம் தேட அரசால் இயன்றது. கழிமுகத்தை நம்பி வாழ்வோருக்கு மாற்றுக் கழிமுகம் இல்லை.

இன்றைய வலைப்பின்னலில் சென்னை

1972இல் நால்வருள் ஒன்றாக இருந்த சென்னை இன்று வரிசையில் பின்தங்கியுள்ளது. 2006இல் டெல்லி, மும்பை விமான நிலையங்கள் தனியார் பங்கேற்புக்கு மாறின. 2008இல் ஐதராபாத்திலும் பெங்களூருவிலும் புதிய விமான நிலையங்கள் திறக்கப்பட்டன. சென்னையும் கொல்கத்தாவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்திடமே தொடர்ந்தன. 2023–24 நிதியாண்டில் டெல்லி ஏறத்தாழ 7.4 கோடி, மும்பை 5.3 கோடி, பெங்களூரு 3.7 கோடி, ஐதராபாத் 2.5 கோடி பயணிகளைக் கையாண்டன. சென்னையின் எண்ணிக்கை 2.1 கோடி; கொல்கத்தாவினுடையது 2 கோடிக்குச் சற்றுக் குறைவு. துறைமுகம் தந்த முன்னுரிமையால் முன்னணியில் நின்ற இரு நகரங்களை, கடல் இல்லாத இரு நகரங்கள் முந்திவிட்டன.

ஆயினும் சென்னையின் பன்னாட்டுத் தொடர்புகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகியவை அதன் நிலையான வழிகள். 2019இல் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபோது அதன் முதல் இணைப்பு சென்னையோடு அமைந்தது. பெருந்தொற்றால் தடைபட்ட அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 1947இல் ஏர் சிலோன் பறந்த வழி இதுவே. 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானச் சேவை தொடங்கியது. ரஜூலா ஓடிய வழி இது. தமிழகத்தின் பிற விமான நிலையங்களுள் திருச்சிராப்பள்ளி சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு ஆகியவற்றோடு கொண்டுள்ள நெருக்கமான தொடர்பும் நாகப்பட்டினம் துறைமுகத்தின் பழைய பின்புலத்தை நினைவூட்டுகிறது. பேரரசின் முதன்மை வான்பாதை மறைந்துவிட்டது. தளப்பயணிகளின் கடல்பாதை வானில் உயிர்வாழ்கிறது.

நகருக்குள்ளே ஓர் இணைப்பும் அண்மையில் நிகழ்ந்துள்ளது. 2016 செப்டம்பரில் விமான நிலையத்தை எட்டிய சென்னை மெட்ரோ, 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையையும் 2021 பிப்ரவரியில் திருவொற்றியூரை அடுத்த விம்கோ நகரையும் அடைந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய நிலையத்திலிருந்து விமான நிலையத்திற்கு ஒரே ரயிலில் செல்ல இயல்கிறது. இரு வாயில்களும் பிரிந்த பின் அவற்றுக்கிடையே அமைந்த முதல் நேரடித் தடப்போக்குவரத்து இதுவாகும். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் துறைமுகத்தின் விளிம்பைத் தொட்டதே அன்றி வடக்கே திருவொற்றியூருக்குச் செல்லவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, விமானம் கப்பலை உடனே அகற்றவில்லை; 1932 முதல் 1985 வரை இரண்டும் வெவ்வேறு வகுப்பினருக்கும் தேவைகளுக்கும் பணியாற்றின. இரண்டாவது, சென்னையின் பன்னாட்டு வான்வழிகளுள் முக்கியமானவை வடசென்னைத் துறைமுகத்தில் தொடங்கிய கடல்வழிகளின் தொடர்ச்சியாகும். மூன்றாவது, செங்குன்றமும் சோழவரமும் காட்டுவதுபோல், வடக்கு விமான வரலாற்றுக்கு வெளியே இருந்த பகுதியன்று. முதலீட்டுத் தேர்வுகளே அதை வெளியே நிறுத்தின. நான்காவது, பயணிகள் தெற்கே சென்றபின்னும் விமான நிலையத்தின் எரிபொருள் சுமையை வடக்கே தாங்குகிறது.

2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டப் பரந்தூரில் அமையும் என அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் தங்கள் வயல்களும் ஏரிகளும் பறிபோகும் என்று தொடர்ந்து போராடி வருகின்றனர். அவ்விவாதத்தில் எவருடைய நிலம் விமான நிலையமாகிறது என்னும் வினா சரியாகவே முன்னிற்கிறது. அதனோடு, விமான நிலையம் வேறோரிடத்தில் இயங்க எவருடைய கரையும் கழிமுகமும் காற்றும் செலவாகின்றன என்னும் வினாவும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டும். அதற்குரிய விடையின் ஒரு பகுதி இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட கடலோரத்தில், துறைமுகப் பதிவேடுகளிலும் பர்மாவிலிருந்து வந்திறங்கிய குடும்பங்களின் நினைவுகளிலும் கிடக்கிறது. அத்தலைமுறை மறைவதற்குள் அவ்வாய்மொழி வரலாறுகளைத் தொகுப்பது தமிழாய்வுத் துறையினர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.